நேற்றுக் கற்றது இன்று மறக்கிறதே, இது நோயா?

கேள்வி: எனக்கு வயது 74. 1972இல் தந்தி அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலில் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸிலும், பிறகு தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டரிலும் வேலை பார்த்து, 2011இல் ஓய்வு பெற்றேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகன் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பேரன் சொல்லித் தருகிறான். சொல்லும்போது புரிகிறது, மறுநாள் கையில் எடுத்தால் ஒன்றும் நினைவில்லை. மூன்றாவது முறை கேட்டால், “தாத்தா, நேத்துதானே சொன்னேன்” என்கிறான். சென்ற மாதம் பேத்தி அனுப்பிய ஒரு படத்தைத் திறக்கப் போய், விடியற்காலை நாலரை மணிக்குச் சம்பந்தி அம்மாளுக்கு வீடியோ அழைப்பு போய்விட்டது. அன்றிலிருந்து மூன்று வாரமாகப் போனைத் தொடவில்லை. வங்கியில் எதைக் கேட்டாலும் “ஆப்லயே பண்ணிக்கலாமே சார்” என்கிறார்கள். எதையாவது தொட்டுப் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சர்க்கரைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின், தூக்கத்துக்கு இரவில் ஒரு மாத்திரை. வலக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. பைஃபோகல் கண்ணாடி போடுகிறேன். இது மறதி நோயின் தொடக்கமா? இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில் (முதியோர் நல மருத்துவர்):

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மறதி நோய் பெரும்பாலும் பழைய நினைவுகளை விட்டுவைத்து, அண்மையில் நடந்தவற்றையே முதலில் அழிக்கும். 1972இல் பணியில் சேர்ந்ததைத் தாங்கள் நினைவில் வைத்திருப்பது எனக்குப் பெரிய சான்று அல்ல. சென்ற மாதம் தவறான அழைப்பு போனது எத்தனை மணிக்கு, யாருக்கு, அதற்குப் பின் எத்தனை வாரம் ஆயிற்று என்பதையெல்லாம் வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் கவனித்துப் படித்தேன்.

என் மருத்துவமனைக்கு இதே அச்சத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் போனைப் பற்றிக் கேட்பதில்லை. பல ஆண்டுகளாகக் கை பழகிய வேலைகளில் தடுமாற்றம் உண்டா, தெரிந்த தெருவில் வழி தப்பியதுண்டா, கடையில் மீதிச் சில்லறை எண்ணுவதில் குழப்பம் வருகிறதா, ஒரே கேள்வியை ஒரே நாளில் கேட்டதே தெரியாமல் திரும்பக் கேட்கிறாரா என்றுதான் கேட்கிறேன். அதையும் நோயாளியிடம் மட்டும் கேட்காமல் வீட்டாரிடமும் கேட்கிறேன். தாங்கள் பேரனிடம் மூன்றாவது முறை கேட்டபோது அது மூன்றாவது முறை என்பது தங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஐந்தாறு ஆண்டுகள் தடையின்றிப் போனைப் பயன்படுத்திவந்த ஒருவர் திடீரென்று அதை இயக்கத் தெரியாமல் திகைத்தால் நான் கவலைப்படுவேன். இன்னும் கைக்கு வராத ஒன்று மறந்துபோவதும் அதுவும் ஒன்றல்ல.

இருந்தாலும் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று எழுதிவிட நான் விரும்பவில்லை. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுத்துக்கொள்பவர்கள் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அந்தக் குறை நினைவாற்றலையும் கால் நரம்புகளையும் மெதுவாகப் பாதிக்கக்கூடியது, கண்டறிந்தால் மருந்தால் சரிசெய்யக்கூடியது. பன்னிரண்டு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பி12 அளவையும் தைராய்டையும் ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரையின் பெயரைத் தாங்கள் எழுதவில்லை. அவற்றில் சில, மறுநாள் முற்பகல் வரை மூளையில் ஒரு மந்தத்தை விட்டுவைக்கும். பேரன் பள்ளிக்குப் போகும் முன் காலையில்தான் பாடம் நடக்கிறது என்றால், பாடத்தின் நேரத்தை மாற்றினாலே பாதி வேறுபாடு தெரியக்கூடும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி, மறப்பது ஏன் என்பதற்கு வருகிறேன். இருபத்தொரு வயதில் மோர்ஸ் கற்றபோது, ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய், மறுநாள் தாங்கள் தந்தி அனுப்பிவிட்டீர்களா? மாதக்கணக்கில் உட்கார்ந்து தட்டியிருப்பீர்கள். தந்தியை ஒலியாக்கித் தரும் சவுண்டர் கருவியின் ஓசை எழுத்தாகக் காதில் விழத் தொடங்கும்வரை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள் என்பது தங்களுக்குத்தான் தெரியும். அன்று இளம் மூளைக்கு அத்தனை மாதம் கொடுத்தீர்கள். இன்று எழுபத்து நான்கு வயது மூளைக்கு ஒரு பிற்பகல் மட்டும் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். வயது ஏற ஏறச் செய்தியை உள்வாங்கும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய துணுக்குகளின் எண்ணிக்கையும் குறைகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் எழுபதைத் தாண்டியும் பெரும்பாலும் குறைவதில்லை. கைப்பழக்கமாக ஒன்றைக் கற்கும் திறனும் போய்விடுவதில்லை. அதற்கு இன்னும் அதிக முறை செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடிபி என்னும் ஆறு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது திரையின் உச்சியில் நான்கைந்து நொடி தோன்றி மறைகிறது. அதைப் படித்து, மனத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு கட்டத்தில் தட்ட வேண்டும். பக்கத்திலேயே வினாடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. முதுமையில் குறைகின்ற அந்த இரண்டு திறன்களையே குறிபார்த்து ஒரு தேர்வு வைக்கச் சொன்னால்கூட இதைவிடக் கச்சிதமாக என்னால் வைக்க முடியாது. எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மும்மூன்றாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரம் முடிந்துவிட்டால் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள், அதனால் எந்த இழப்பும் இல்லை. வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துவிடலாம்.

மூளையின் மேல் பழிபோடுகிற பலருக்கு உண்மையில் கண்ணிலும் விரலிலும்தான் சிக்கல். அறுபது வயதில் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். தங்கள் வலக் கண்ணில் பொருத்தியது வழக்கமான ஒற்றைக் குவிய வில்லையாக இருந்தால், அது பெரும்பாலும் தொலைவுக்கு அமைந்திருக்கும். இடக் கண்ணிலோ பழைய, மஞ்சள் படிந்த இயற்கை வில்லை இருக்கிறது. பைஃபோகல் கண்ணாடியின் மேல் பகுதி தெருவுக்கு, கீழ்ப் பகுதி புத்தகத்துக்கு. கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் கணினித் திரைக்கு இரண்டும் பொருந்தாது. அதனால்தான் பலர் மோவாயைத் தூக்கிக் கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்த்துவிட்டு, மாலையில் கழுத்து வலி என்கிறார்கள். திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தருவார். அதோடு, இன்றைய செயலிகளில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துகளை வைப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறைகள் சொல்கின்றன. அதை மதிக்காமல் வடிவமைத்தவர் இருபத்தைந்து வயதுக்காரராக இருப்பார் என்பது என் ஊகம்.

விரலைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். நான் நோயாளிகளிடம் போனையும் கொண்டுவரச் சொல்வதுண்டு. ஒரு பாட்டி, திரையில் இருந்த படத்தைத் தபால் முத்திரை குத்துவதுபோல அழுத்திக்கொண்டே இருந்தார். அது திறக்காமல் ஆடத் தொடங்கிற்று, வேறு ஏதோ பட்டியல் விரிந்தது, அவர் இன்னும் பலமாக அழுத்தினார். தொடுதிரை அழுத்தத்தை அறியாது. விரலின் தோலால் உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றத்தையே அது உணர்கிறது. முதுமையில் தோல் உலர்ந்துபோவதால் அந்த மாற்றம் மங்கலாகிறது. பலமாக அழுத்தும்போது விரல் அதிக நேரம் தங்குகிறது. ‘தொட்டாய்’ என்பதற்குப் பதில் ‘தொட்டுப் பிடித்தாய்’ என்று போன் எடுத்துக்கொண்டு வேறொன்றைச் செய்கிறது. அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதிக்குள், தொட்டுப் பிடிப்பதற்கான நேரத்தை நீட்டிவைக்க வழி இருக்கிறது. எழுத்துருவைப் பெரிதாக்குவதும் அங்கேயே. இவ்விரண்டையும் ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொள்வதையும் அந்தப் பாட்டிக்குச் செய்துகொடுத்த பின், அவருக்கு நினைவாற்றல் பரிசோதனை தேவைப்படவில்லை.

தங்கள் வீட்டார் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். டெலிபிரிண்டரில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர் தாங்கள். அந்த விசைப்பலகையின் எழுத்து வரிசைதான் இன்றைய கணினியிலும் இருக்கிறது; தங்கள் பத்து விரல்களும் அதை மறந்திருக்க வாய்ப்பில்லை. அப்படிப்பட்டவர் கையில் கண்ணாடிப் பலகையைக் கொடுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டச் சொல்வது, மிதிவண்டியில் ஊரையே சுற்றியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பது போன்றது. பெரிய திரையுள்ள ஒரு கணினி, பழையதானாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வரட்டும். வாட்ஸ்ஆப்பை அதிலும் இணைத்துக்கொள்ளலாம், பேத்தியின் படங்களும் அங்கே பெரிதாகத் தெரியும். சுட்டியை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கத்தான் முதியவர்கள் மிகவும் அல்லற்படுவார்கள்; ஒருமுறை சொடுக்கித் தேர்ந்தெடுத்துவிட்டு என்டர் விசையைத் தட்டினாலும் அதே வேலை நடக்கும். தமிழில் எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். மோர்ஸ் கற்றவருக்கு அது விளையாட்டு. போனில்தான் எழுத வேண்டும் என்றால், கூகுள் விசைப்பலகையில் திரையின் மேல் விரலால் தமிழ்க் கையெழுத்தாகவே எழுதும் வசதியும் உண்டு.

பேரனுக்கு ஒரு செய்தி. இந்தப் பத்தியை அவனிடம் படித்துக் காட்டுங்கள். தம்பி, சொல்லிக்கொடுக்கும்போது உன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். நீ போனை வாங்கி, நான்கு நொடியில் ஆறு இடத்தைத் தொட்டுவிட்டு, “இவ்வளவுதான் தாத்தா” என்று திருப்பிக் கொடுத்தால், அவர் பார்த்தது உன் விரலின் வேகத்தை மட்டும்தான். தவறான இடத்தைத் தொடப் போகிறார் என்று தெரிந்தால் வாயால் சொல், கையை நீட்டாதே. ஒரு நாளைக்கு ஒரே வேலை. அதையும் மறுநாள், இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு அவரே செய்யட்டும். “நேத்துதானே சொன்னேன்” என்று நீ சொன்னது உண்மைதான். நேற்று நீ சொன்னாய், அவர் செய்யவில்லை.

ஐயா, அவனிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. மோர்ஸில் பிழை நேர்ந்துவிட்டால் தாங்கள் என்ன செய்வீர்கள்? எட்டுப் புள்ளிகளைத் தொடர்ந்து தட்டிவிட்டு, சரியான சொல்லை மீண்டும் அனுப்புவீர்கள். அந்த எட்டுப் புள்ளி கையில் இருந்ததால்தான் பிழை வந்தாலும் பதறாமல் வேலை பார்க்க முடிந்தது. போனிலும் அதற்கு நிகரானவை இருக்கின்றன. அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான், ஒரு படி பின்னால் செல்வது, எங்கே இருந்தாலும் முகப்புத் திரைக்கு வந்துவிடுவது, எதுவும் ஆகாவிட்டால் அணைத்துப் போடுவது ஆகிய நான்கும்தான் அவை. உள்ளே போகும் வழியைக் கற்றுக்கொடுப்பவர்கள் வெளியே வரும் வழியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு இந்தச் சிவப்புப் பொத்தான் தெரிந்திருந்தால், மூன்று வாரம் போனைத் தொடாமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

கற்றதைத் தங்கள் கையெழுத்தில், தங்கள் சொற்களில் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேரன் எழுதித் தந்தால் பயனில்லை. ‘மூன்றாவது பச்சைப் படத்தைத் தொடவும்’ என்று எழுதினால், அடுத்த புதுப்பிப்பில் அது நீலமாகி இடமும் மாறியிருக்கும். ‘பேத்தி அனுப்பிய படத்தைப் பார்க்க’ என்று வேலையைத் தலைப்பாக இட்டு, ஒவ்வொரு படியிலும் எந்தச் சொல் திரையில் தெரிய வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்த்துச் செய்வது மரியாதைக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். நானும் மருந்தளவைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கடவுச்சொற்களை எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதைவிட, வெவ்வேறாக வைத்து நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டிவைப்பது மேல் என்பது என் கருத்து. வங்கியின் இரகசிய எண்ணை (PIN) மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

பணம் போய்விடுமோ என்ற பயத்தை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். இன்றைய நிலையில் அது தெளிவான அறிவு. அதைப் போக்குவதைவிட, அதற்கு ஓர் எல்லை வகுப்பது நல்லது. ஓய்வூதியம் வரும் கணக்கை எந்தச் செயலியோடும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். வேறொரு சிறு கணக்கில் இரண்டாயிரமோ மூவாயிரமோ போட்டு, அதை மட்டும் யுபிஐயுடன் இணைத்துப் பழகுங்கள். தவறினாலும் அந்தத் தொகையோடு போகும். நமக்குப் பணம் வருவதற்காக அந்த இரகசிய எண்ணைத் தட்ட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. தட்டச் சொன்னால், போவது நம் பணம். காவல் அதிகாரியின் சீருடையில் வீடியோவில் தோன்றி, உங்களை ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. துண்டித்துவிடுங்கள், அங்கேயும் அதே சிவப்புப் பொத்தான்தான்.

ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறின்றி நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் விரைந்து சொல்லச் சொல்ல, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடுகிறது. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள்தான் வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்துவைக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் பணம் பல கணக்குகள் மாறிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை; எல்லாவற்றையும் கற்கவும் வேண்டியதில்லை. பேத்தியைப் பார்ப்பதும், படிக்க விரும்புவதைப் பெரிய எழுத்தில் படிப்பதும், பழைய சக ஊழியர்களுக்கு நீளமாக எழுதுவதும் தங்களுக்கு மகிழ்ச்சி தருபவை, அவற்றுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். வங்கிக் கவுண்ட்டரில் “ஆப்லயே பண்ணிக்கலாமே சார்” என்பதை ஒரு யோசனையாகச் சொல்லலாம், மறுப்பாகச் சொல்லக் கூடாது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பணம் எடுத்துத் தருவது, வரைவோலை தருவது, ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழ் பெறுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து செய்து தர முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள், தொனி மாறும்.

உயிர்வாழ் சான்றிதழுக்காகவும் தாங்கள் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2014இல் அதற்கு டிஜிட்டல் முறை வந்தபோது கைரேகையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். வயதானால் ரேகை தேய்ந்துபோகும், இயந்திரம் ‘மீண்டும் வைக்கவும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். உயிரோடு நேரில் நிற்பவர் தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க முடியாமல் தவித்த கதைகளை என் நோயாளிகளிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் முறையும் வந்தது. இவை எதுவும் வேண்டாம் என்றால், அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய்க் கட்டணத்தில் சான்றிதழைப் பதிவு செய்து தருகிறார். தந்திக்காரர் வீட்டுக்குத் தபால்காரர் வருவதில் குறைவொன்றும் இல்லை.

இந்த வாரம் இரண்டு வேலைகள் போதும். ஒன்று, சம்பந்தி அம்மாளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பகல் பதினொரு மணிக்குத் தாங்களாகவே வீடியோவில் அழைத்து, பேசி முடித்து, தாங்களாகவே துண்டியுங்கள். பேரன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். மற்றொன்று, அந்த இரத்தப் பரிசோதனை. பி12 அளவு என்னவென்று அறிக்கை வந்ததும் தூக்க மாத்திரையின் பெயரோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். தட்டச்சு செய்து அனுப்பினால் மகிழ்வேன். கையெழுத்தில் வந்தாலும் படிப்பேன்.